ஃபோமா, லேடெக்ஸா, நாரா? ரசாயனம் குறைந்த சோபாவுக்கு எதைத் தேர்ந்தெடுப்பது

சோபா செய்யக் கொடுக்கும்போது எல்லோரும் முதலில் புரட்டிப் பார்ப்பது துணி மாதிரிகளைத்தான். ரசாயனம் குறைவாக இருக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் உள்ளிருந்து தொடங்குவது நல்லது. துணி பிடிக்கவில்லை என்றால் பிறகு மாற்றிக்கொள்ளலாம். உள்ளே இருக்கும் மரச் சட்டத்தையும் குஷனையும் மாற்றுவது புது சோபா செய்வதற்குச் சமம்.

குஷனில் நிஜப் போட்டி பாலியூரித்தேன் ஃபோமுக்கும் இயற்கை லேடெக்ஸுக்கும்தான். ஃபோம் பெட்ரோலியத்தின் பிள்ளை. அதைவிடப் பெரிய கவலை, அதில் சேர்க்கப்படும் தீத்தடுப்பு ரசாயனங்கள். இவற்றில் பல ஃபோமோடு பிணையாமல் சும்மா கலந்து கிடப்பவை, அதனால் மெல்ல மெல்ல வெளியேறி வீட்டுத் தூசியில் சேர்ந்துவிடுகின்றன. 1975-இல் கலிபோர்னியா கொண்டுவந்த ஒரு விதிப்படி, ஃபோம் 12 விநாடி தீச்சுடரைத் தாங்க வேண்டும். அதற்காகவே பல ஆண்டுகள் இந்த ரசாயனங்களைச் சேர்த்து வந்தார்கள். 2013-இல் அந்தச் சோதனை, கனலும் சிகரெட்டை மேல்துணி தாங்குகிறதா என்று பார்ப்பதாக மாறியது. அப்புறம் ஃபோமில் எதுவும் சேர்க்காமலே தேறிவிட முடிந்தது. எனவே ஃபோம்தான் என்று முடிவானால், தீத்தடுப்பு சேர்க்காதது வேண்டும் என்று வாய்விட்டுக் கேளுங்கள். ஃபோமில் தீங்கான ரசாயனம் இருக்கிறதா என்று சோதித்துத் தரும் சர்டிபூர் (CertiPUR) முத்திரை இருந்தால் கூடுதல் நிம்மதி. ஆனால் அது ஃபோமுக்கு மட்டும்தான், முழு சோபாவுக்கும் அல்ல. 'சோயா ஃபோம்' என்ற பெயரில் மயங்க வேண்டாம். அதில் ஃபோமின் மூலப்பொருள்களில் ஒன்றான பாலியாலின் ஒரு பங்குதான் தாவர எண்ணெயிலிருந்து வருகிறது, மீதி அதே பழைய ஃபோம்.

லேடெக்ஸ் என்பது ரப்பர் மரத்துப் பாலை நுரைக்க வைத்து, கந்தகம் சேர்த்துச் சூட்டில் இறுக்கியது. டன்லப் முறையில் செய்தது கனமாக, கெட்டியாக இருக்கும், உட்காரும் இடத்துக்கு அதுதான் சரி. தலாலே முறையில் செய்தது இலேசாக, மெத்தென்று இருக்கும், முதுகுப் பக்கத்துக்கு ஏற்றது. லேடெக்ஸ் என்று சொல்லி செயற்கை ரப்பர் கலந்ததையும் விற்பார்கள். ஆர்கானிக் லேடெக்ஸுக்கான கோல்ஸ் (GOLS) சான்று இருந்தால் அதில் குறைந்தது 95 சதவீதம் ஆர்கானிக் ரப்பர் என்று பொருள். குறையும் உண்டு: சோபா நகர்த்த முடியாத கனமாகிவிடும், வெயில் பட்டால் லேடெக்ஸ் பொடியும், வீட்டில் யாருக்காவது ரப்பர் ஒவ்வாமை இருந்தால் இந்தப் பேச்சே வேண்டாம். இவை உங்களுக்குத் தடையில்லை என்றால், குஷனில் என் ஓட்டு டன்லப்புக்குத்தான்.

தென்னை நாரும் இலவம் பஞ்சும் தனியாக இந்தப் போட்டியில் நிற்காது. ரப்பர் பூசிய நார்ப் பலகை கெட்டியானது, லேடெக்ஸுக்கு அடியில் போட்டால் நன்றாகத் தாங்கும். இலவம் பஞ்சு முதுகுத் திண்டுக்கு அருமை, ஆனால் அமுங்கிப்போகும், அடிக்கடி தட்டிவிட வேண்டும். பாலியெஸ்டர் பஞ்சுக்குப் பதில் கம்பளியைச் சுற்றினால் இன்னொரு லாபம்: கம்பளி எளிதில் தீப்பிடிக்காது.

சட்டத்துக்கு நன்கு உலர்ந்த கட்டை மரமே முதல் தேர்வு. பிளைவுட், எம்.டி.எஃப் (மரநாரை அழுத்திச் செய்தது) பலகைகளில் உள்ள யூரியா ஃபார்மால்டிஹைடு பசைதான் பிரச்சினை. ஃபார்மால்டிஹைடு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று 2004-இலேயே சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்திவிட்டது. பிளைவுட் தவிர்க்க முடியாது என்றால் உமிழ்வு குறைந்த ரகமா என்று கேட்டு வாங்குங்கள். உறுதியான பழைய சோபாச் சட்டம் கையில் இருந்தால் இரண்டையும் விட அதுவே மேல், பலகை வாடை எப்போதோ போயிருக்கும்.

துணியில் நெருக்கமாக நெய்த லினன், சணல், பருத்தி எதுவானாலும் சரி. 'கறை பிடிக்காது' என்று விளம்பரப்படுத்தும் துணியில்தான் எச்சரிக்கை தேவை, அந்தப் பூச்சு பெரும்பாலும் எளிதில் சிதையாத ஃபுளோரின் சேர்மங்களாக இருந்திருக்கிறது. கழற்றித் துவைக்கும் உறை தைத்துக்கொண்டால் அந்தப் பூச்சே தேவையில்லை. ஓகோ-டெக்ஸ் முத்திரை, செய்து முடித்த துணியில் தீங்கான பொருள் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும். ஆர்கானிக் துணிக்கான காட்ஸ் (GOTS) முத்திரையோ இழை விளைந்த விதம், சாயம் ஏற்றிய விதம் வரை பார்க்கும். கிடைத்தால் காட்ஸையே எடுங்கள்.

இவ்வளவும் பார்த்த பிறகு பலர் விட்டுவிடுவது, ஃபோமையும் லேடெக்ஸையும் ஒட்டும் பசை. கரைப்பான் கலந்த பசையின் நெடி புது சோபாவில் பல நாள் நிற்கும். நீர் அடிப்படையிலான பசை வேண்டும் என்பதையும் ஆர்டர் தாளிலேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.