ஹெரால்டு என்ஜினை வீட்டில் இறக்க மூன்று வழி

ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பழைய கார் வைத்திருப்பவர்கள் ஒரு விஷயத்தில் கொடுத்துவைத்தவர்கள். 1961 முதல் சென்னையில் தயாரான இந்த வண்டியில், இரண்டு பக்க மட்கார்டும் சேர்ந்து பானெட் மொத்தமாக முன்னால் சாயும். முன் டயர் மேல் உட்கார்ந்துகொண்டே வேலை பார்க்கலாம். அதனால் பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கத்துத் தோப்பு வீடுகளில் இதன் என்ஜினை வாசலிலேயே இறக்கலாமா என்று யாராவது கேட்டால், தாராளமாக என்றுதான் சொல்வேன். எப்படி இறக்குவது என்பதில்தான் ஆளுக்கொரு கட்சி.

கியர்பாக்ஸோடு சேர்த்து ஒரே தூக்காகத் தூக்குவது ஒரு கட்சி. கியர்பாக்ஸை வண்டியிலேயே விட்டுவிட்டு என்ஜினை மட்டும் உருவுவது அடுத்தது. முதலில் கியர்பாக்ஸைக் காருக்குள்ளிருந்து எடுத்துவிட்டு, அப்புறம் என்ஜினைத் தூக்குவது மூன்றாவது.

அதற்கு முன்னால், இறக்கத்தான் வேண்டுமா என்று பாருங்கள். கிளட்ச் பிளேட் போய்விட்டது என்றால் கியர்பாக்ஸை எடுத்தாலே போதும், என்ஜினைத் தொட வேண்டாம். இன்னொன்று, இந்த 948 சிசி என்ஜினின் பழைய வியாதி. பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க், முன்னும் பின்னும் நகராமல் பிடித்துவைக்கும் அரைவட்ட த்ரஸ்ட் வாஷர்கள் தேய்ந்துபோகும். ஒருவரை கிளட்ச் மிதிக்கச் சொல்லிவிட்டு முன்பக்கத்து புல்லியைக் கவனியுங்கள். மிதிக்கும்போது அது கண்ணுக்குத் தெரியும்படி முன்னால் வந்தால் வாஷர் போயிற்று. என்ஜினுக்கு அடியில் இருக்கும் எண்ணெய்த் தொட்டியான ஆயில் சம்ப்பைக் கழற்றிக் கீழிருந்தே மாற்றிவிடலாம். அசட்டையாக ஓட்டி, வாஷர் கழன்று உள்ளே விழுந்துவிட்டால் கிராங்க், என்ஜினின் உடலான பிளாக்கையே தின்றுவிடும். அப்புறம் இறக்குவதைத் தவிர வேறு வழி கிடையாது. சிலிண்டரைக் குடைந்து பெரிதாக்கும் ரீபோர், கிராங்க்கைச் சாணை பிடிக்கும் கிரைண்டிங் என்றாலும் இறக்கியே ஆகவேண்டும்.

சேர்த்துத் தூக்குகிறவர்கள் சொல்லும் நியாயம், பிரிக்கிற வேலையும் திரும்பச் சேர்க்கிற வேலையும் தரையில் சாவகாசமாக நடக்கும் என்பது. சரிதான். ஆனால் அந்த நீளத்தை வெளியே கொண்டுவர, கியர்பாக்ஸ் வால் கீழே தொங்கும்படி நன்றாகச் சாய்க்க வேண்டும், உயரமாகவும் தூக்க வேண்டும். போர்ட்டிகோ கூரை இடிக்கும். கியர்பாக்ஸ் ஆயிலை வடிக்காமல் சாய்த்தவர் வாசலைக் கழுவிக்கொண்டிருப்பார். கியர் லிவரைக் கழற்ற எப்படியும் காருக்குள் இருக்கும் மூடியைத் திறந்தாக வேண்டும். அவ்வளவு தூரம் வந்தவர் கியர்பாக்ஸையும் அந்த வழியாகவே எடுத்துவிடலாமே!

என்ஜினை மட்டும் உருவுவது பார்க்கச் சுலபம். கியர்பாக்ஸுக்கு அடியில் ஜாக் வைத்து, கிளட்ச்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங்கின் போல்ட்டுகளைக் கழற்றி, ரேடியேட்டர் இருந்த இடத்துக்கு என்ஜினை நேராக முன்னே இழுத்துத் தூக்குவது. வம்பெல்லாம் திரும்ப மாட்டும்போதுதான். சங்கிலியில் ஆடுகிற என்ஜினை அசையாத கியர்பாக்ஸ் ஷாஃப்ட்டோடு கோணாமல் சேர்க்க வேண்டும். ஒரு நொடி அந்த எடை ஷாஃப்ட்டில் தொங்கினாலும் கிளட்ச் பிளேட்டின் நடுப்பகுதி வளைந்துவிடும். பழகிய கை இரண்டு ஜோடி இருந்தால் செய்யலாம்.

என் ஓட்டு மூன்றாவது வழிக்கு. முன்சீட்டுகளையும் தரை விரிப்பையும் எடுத்து, நடுவில் இருக்கும் அட்டை மூடியின் ஸ்க்ரூக்களைக் கழற்றினால் கியர்பாக்ஸ் முழுதாகத் தெரியும். சம்ப்புக்கு அடியில் பலகை வைத்து ஜாக் கொடுங்கள். பின்சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டுக்கு நான்கு போல்ட், ஸ்பீடோமீட்டர் கேபிள், கிளட்ச் சிலிண்டர், செல்ஃப் மோட்டார். இவை கழன்றதும் இரண்டு பேர் கியர்பாக்ஸைப் பின்னால் இழுத்துக் கதவு வழியாக வெளியே எடுத்துவிடலாம். மிச்சமிருக்கும் என்ஜின் கட்டையாக, சாய்க்காமல், குறைந்த உயரத்தில் வெளியே வரும். மெனக்கெடல் கூடுதல்தான், முதுகு வலிக்கும். ஆனால் எந்தக் கட்டத்திலும் பெரிய எடை தலைக்கு மேல் ஆடாது. மாட்டும்போது கிளட்ச் பிளேட்டை நடுவில் நிறுத்த, பழைய கியர்பாக்ஸ் ஷாஃப்ட் ஒன்று இல்லையென்றால் லேத்தில் அதே அளவுக்கு ஒரு கட்டை கடைந்துகொள்ளுங்கள்.

எதில் தூக்குவது? வாடகை ஹைட்ராலிக் கிரேனின் குட்டிச் சக்கரங்கள் சிமென்ட் தரையில்தான் ஓடும், தோப்பு மண்ணில் புதைந்துவிடும். மாமரக் கிளையை நம்பவே நம்பாதீர்கள், ஃபேன் கொக்கியையும்தான். நம் பக்கத்துக்குத் தோதானது போர்வெல் மோட்டார் ஏற்றி இறக்குகிறவர்களின் இரும்பு முக்காலியும் செயின் பிளாக்கும். கால்களுக்கு அடியில் பலகை போட்டு, மூன்றையும் ஒன்றோடொன்று சங்கிலியால் கட்டிவிட வேண்டும். என்ஜின் மேலே வந்ததும் அதை நகர்த்த வேண்டாம், வண்டியைப் பின்னால் தள்ளுங்கள். தொங்கும்போது அடியில் கைகூட நீட்டக் கூடாது.

நட்டுகள் இஞ்ச் அளவு என்பதால் அரை இஞ்ச், 7/16, 9/16 ஸ்பானர்கள் வேண்டும். மில்லிமீட்டர் ஸ்பானரை ஒப்பேற்றினால் தலை உருண்டுவிடும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஓயாமல் அடிக்கும் மாதங்களில் திறந்த சிலிண்டரில் மண் நிரம்பும், ஆகவே கழற்றிய ஒவ்வொரு ஓட்டையிலும் துணி அடைத்துவிடுங்கள். வேலந்தாவளம் தாண்டி கோவையில் வேறு பிளாக் கிடைத்து அதையே மாட்டுவதாக இருந்தால், ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும் என்ஜின் நம்பரை மாற்ற ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குப் போயாக வேண்டும். பிளாக்குக்குப் பணம் கொடுக்கும்போதே பில்லையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.