மணலித் தண்ணீருக்கு எந்த ஃபோட்டோ ரியாக்டர்?

மணலியில் எங்களுடையது சின்ன கம்பெனி. மருந்து ஆலைகளுக்கு வேண்டிய இடைநிலைப் பொருள்களைக் கிராம் கணக்கிலும், சில சமயம் கிலோ கணக்கிலும் செய்து கொடுப்போம். இரண்டு வருடத்துக்கு முன் ஒரே மாதத்தில் வெளிச்சம் தேவைப்படும் இரண்டு ஆர்டர்கள் வந்தன. ஒன்று, டொலுயீன் வகைச் சேர்மத்தின் பக்கச் சங்கிலியில் புரோமின் ஏற்றுவது. இன்னொன்று, மலீமைடையும் ஒரு ஆல்கீனையும் சேர்த்து நான்கு கார்பன் வளையம் கட்டுவது. அதுவரை எங்களிடம் இருந்த ஒளி வசதி, மொட்டை மாடி வெயிலும் ஒரு ஹாலஜன் விளக்கும்தான்.

வெளிச்சம் காட்டி வேதிவினை நடத்தும் கருவிதான் ஃபோட்டோ ரியாக்டர். அதில் மூன்று வழிகள் கண்ணில் பட்டன. நடுவில் மீடியம் பிரஷர் மெர்க்குரி விளக்கு, அதைச் சுற்றிக் குவார்ட்ஸ் ஜாக்கெட், அதற்கு வெளியே ஒரு லிட்டர் கரைசல் என்று அமைந்த மூழ்கு விளக்கு ரியாக்டர். சுற்றிலும் விளக்குகள் நிற்க, நடுவில் சோதனைக் குழாய்களை இறக்கும் பெட்டி. அப்புறம், பிளாஸ்டிக் ட்யூபில் கரைசலை ஓடவிட்டு எல்.இ.டி. வெளிச்சம் காட்டும் ஃப்ளோ ரியாக்டர்.

பெட்டியை முதலிலேயே ஒதுக்கிவிட்டேன். ரேயோனெட்டும், நம் ஊர்க் கல்லூரிகளில் பார்க்கும் ஹீபர் மல்டிலேம்ப்பும் இந்த வகை. சாயக் கழிவை வினையூக்கி போட்டுச் சிதைத்துப் பார்க்கிற பிஎச்.டி. மாணவருக்கு அதைவிட நல்ல பொருள் இல்லை. விளக்கை மாற்றினால் அலைநீளம் மாறும், ஒரே நேரத்தில் பல குழாய்களை ஓட்டலாம். ஆனால் எட்டு வாட் விளக்குகளை வைத்துக்கொண்டு கிலோ கணக்கில் ஆர்டர் முடிக்க முடியாது.

மிச்சம் இரண்டு. நான் இரண்டையும் வாங்கியவன். முதலில் மெர்க்குரி, ஒன்பது மாதம் கழித்து எல்.இ.டி. முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன்: வடசென்னையில் இருந்துகொண்டு 350 நானோமீட்டர் அலைநீளத்துக்கு மேலே வேலை செய்பவர் எல்.இ.டி. ஃப்ளோவுக்கே போகலாம். காரணம் மின்சாரக் கட்டணம் இல்லை. ஒரு மோல் 365 நானோமீட்டர் ஃபோட்டானில் (ஒளித்துகளில்) இருக்கும் ஆற்றல் 328 கிலோஜூல், அதாவது யூனிட்டில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. விளக்கு எவ்வளவு வீணடித்தாலும், எங்கள் அளவு வேலையில் கரண்ட் பில் ஒரு பொருட்டே அல்ல. காரணம் தண்ணீர்.

மீடியம் பிரஷர் விளக்கின் மேல்பரப்பு 600 டிகிரியைத் தாண்டும். அதைக் குளிர்விக்கும் தண்ணீர் ஓடுவது விளக்குக்கும் கரைசலுக்கும் நடுவே இருக்கும் ஜாக்கெட்டில். வெளிச்சம் அந்தத் தண்ணீரைத் தாண்டித்தான் கரைசலுக்குப் போக வேண்டும். விளக்கு விற்பவர் இதைப் படம் போட்டுக் காட்டுவார், நாமும் தலையாட்டுவோம். எந்தத் தண்ணீர் என்று யாரும் கேட்பதில்லை.

எங்கள் பக்கத்துத் தண்ணீரைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. மீஞ்சூர்ப் பகுதி நிலத்தடி நீரில் கடல் புகுந்தது பல பத்தாண்டுப் பழைய விஷயம். மணலியின் பெரிய ஆலைகளுக்குக் கொடுங்கையூரில் கழிவுநீரைச் சுத்திகரித்து, ஆர்.ஓ. செய்து குழாயில் அனுப்புகிறார்கள். எங்களைப் போன்ற சின்ன ஷெட்டுக்கு போர் தண்ணீர், அது சரியில்லாத நாளில் லாரித் தண்ணீர். சுண்ணாம்பு உப்பு சூடான பரப்பைத் தேடிப் போய்ப் படியும். எங்கள் போரில் இரும்பும் உண்டு. இரும்பின் பழுப்புப் படிவு புற ஊதாவை நன்றாகவே விழுங்கும்.

முதல் பேட்ச் ஏழு மணி நேரத்தில் முடிந்தது. ஆறு வாரம் கழித்து அதே பேட்ச் பதினோரு மணி நேரம் இழுத்தது. மூலப்பொருளைச் சந்தேகப்பட்டோம், நைட்ரஜன் சரியாக ஓடுகிறதா என்று பார்த்தோம், விளக்குக்கு வயதாகிவிட்டது என்றுகூட முடிவு கட்டினோம். கடைசியில் ஃபெர்ரியாக்ஸலேட் என்ற இரும்புச் சேர்மத்தைப் போட்டு வெளிச்சத்தை அளந்தேன். ஹேச்சர்டும் பார்க்கரும் 1956-இல் வகுத்துக் கொடுத்த பழைய முறைதான்: வெளிச்சம் பட்டால் இரும்பு(III) இரும்பு(II) ஆகும், ஃபெனாந்த்ரோலின் சேர்த்தால் சிவக்கும், 510 நானோமீட்டரில் அளந்தால் எத்தனை ஃபோட்டான் உள்ளே வந்தது என்று தெரிந்துவிடும். வர வேண்டிய வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்கு காணவில்லை.

ஜாக்கெட்டைக் கழற்றி மேசையில் வைத்தபோது, பராமரிப்பு பார்க்கும் திருவொற்றியூர் அண்ணன் வந்து எட்டிப் பார்த்தார்.

“என்ன சார், எங்க வீட்டு ஹீட்டர் காயில் மாதிரி இருக்கு?”

“அதேதாண்ணே. அதே போர் தண்ணிதானே?”

“மாசம் ஒருக்கா வினிகர்ல ஊறப் போடுங்க. வீட்ல அதான் பண்றாங்க.”

நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஊறவைத்தோம், போனது. ஆனால் ஒவ்வொரு முறையும் சுடச்சுட இருந்த விளக்கு ஆறும்வரை காத்திருந்து, கையுறை போட்டு வெளியே எடுத்து, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து (விரல் ரேகை பட்ட இடத்தில் குவார்ட்ஸ் சூட்டில் வெளுத்துக் கெட்டுப்போகும்), மறுபடி மாட்டி, மறுபடி அளந்து பார்ப்பதற்குள் ஒரு நாள் ஓடிவிடும். மாதத்துக்கு இரண்டு நாள் இதற்கே போயிற்று.

தண்ணீரைக் குளிரவைக்கும் சில்லர் வைத்து, அயனி நீக்கிய தண்ணீரை மூடிய சுற்றில் ஓட்டினால் தீராதா? தீரும். அப்படிச் செய்யும் இடத்தில் என் வாதத்தில் பாதி விழுந்துவிடும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எண்ணூர் உப்புக் காற்றில் சில்லரின் கண்டென்சரையும் காப்பாற்ற வேண்டும். இன்னொரு பாதியும் இருக்கிறது: கரண்ட் போய் வருவது. ஜெனரேட்டருக்கு மாறும் சில நொடியில் மெர்க்குரி விளக்குக்குள் எரியும் மின்வில் அணைந்துவிடும். சூடாக இருக்கும் விளக்கு உடனே பற்றாது. பத்து நிமிடம் ஆற வேண்டும், பிறகு முழு வெளிச்சத்துக்கு வர இன்னும் சில நிமிடம். அந்த நொடியில் பம்பும் நின்றிருக்கும், ஆனால் விளக்கின் சூடு நிற்காது. 82 டிகிரியில் கொதிக்கும் அசிட்டோநைட்ரைல் கரைப்பான் ஒரு சுவருக்கு அப்பால் இருக்கிறது. தண்ணீர் நின்றால் விளக்கை அணைக்கும் சுவிட்சும், விளக்கு அணைந்த பிறகும் ஓடும் தனி பம்ப் இணைப்பும் இல்லாமல் யாரும் இதை ஓட்டக் கூடாது. எங்களுக்கு விற்றவர் முதலாவதைக் கொடுத்தார், இரண்டாவதைச் சொல்லவே இல்லை.

எல்.இ.டி.யில் குளிர்விக்கும் தண்ணீர் விளக்கின் முதுகுப் பக்கம் ஓடுகிறது. அதில் உப்பு படிந்தால் பலகை கொஞ்சம் சூடேறும், வெளிச்சம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். வெளிச்சத்தின் வழியில் குறுக்கே எதுவும் நிற்பதில்லை. கரண்ட் போய் வந்தால் அந்த நொடியே எரியும்.

ஃப்ளோவுக்கு இன்னொரு நியாயமும் உண்டு. மோலார் உறிஞ்சு திறன் 100 உள்ள பொருளை 0.1 மோலார் கரைசலாக வைத்தால், நுழையும் வெளிச்சத்தில் 90 சதவீதத்தை முதல் ஒரு மில்லிமீட்டரே குடித்துவிடும். பெரிய ஃபிளாஸ்க்கில் மிச்சமெல்லாம் இருட்டில் சுற்றிக்கொண்டிருக்கும். அதனால்தான் 2005-இல் பிரிஸ்டலில் பூக்கர் மில்பர்ன் குழு மெர்க்குரி விளக்கைச் சுற்றியே எஃப்.இ.பி. என்ற, வெளிச்சத்தை உள்ளே விடும் பிளாஸ்டிக் ட்யூபைச் சுற்றியது. விளக்கு பழசுதான், ட்யூப்தான் புதிது. எங்களுடையது உள்விட்டம் 1.6 மில்லிமீட்டர், நீளம் 50 மீட்டர். மொத்தம் 100 மில்லிலிட்டர் பிடிக்கும். அசிட்டோநைட்ரைலில் மூலப்பொருளோடு புரோமின் கொடுக்கும் என்.பி.எஸ். கரைத்து நிமிடத்துக்கு 10 மில்லிலிட்டர் ஓட்டினால் கரைசல் பத்து நிமிடம் வெளிச்சத்தில் இருக்கும். 0.5 மோலார் கரைசலில் எட்டு மணி நேரத்துக்கு 2.4 மோல். மூலக்கூறு எடை 200 என்றால் அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. புரோமின் ஏற்றம், ஒரு ஃபோட்டானே பல மூலக்கூறுகளை மாற்றிவிடும் சங்கிலி வினை என்பதால் ஃபோட்டானுக்குப் பஞ்சமே இல்லை. மலீமைடு வேலைக்கு வெளிச்சத்தை வாங்கி மலீமைடுக்குக் கைமாற்றும் தயோக்சாந்தோன் சேர்த்து நீண்ட அலைநீளத்துக்கு நகர்ந்துவிட்டோம். ட்யூப் உள்ளே பழுப்பேறினால் வெட்டிப் போட்டுவிட்டுப் புதிதாகச் சுற்றுவோம், அரை நாள் வேலை.

எல்.இ.டி.க்கும் இந்த ஊர் ஒத்துவராத இடம் ஒன்று உண்டு. எல்.இ.டி.க்குக் கரண்ட் கொடுக்கும் முதல் டிரைவர் பலகை நான்காவது மாதமே போய்விட்டது. திறந்து பார்த்தால் செம்பு பச்சை பூத்திருந்தது. உப்புக் காற்றா, எங்கள் ஹைட்ரஜன் புரோமைடு ஆவியா என்று சண்டை போட்டுப் பயனில்லை, இரண்டும்தான். இப்போது டிரைவரை அடுத்த அறையில் மூடிய பெட்டிக்குள் வைத்து நீளமான கேபிள் இழுத்திருக்கிறோம். எல்.இ.டி.யின் ஆயுள் பல ஆயிரம் மணி நேரம் என்று எழுதியிருப்பதை நான் இன்னும் சோதித்து முடிக்கவில்லை. நான் ஓட்டியது சுமார் ஆயிரத்து இருநூறு மணி நேரம். இதுவரை வெளிச்சம் குறைந்தது அளவையில் தெரியவில்லை.

கரையாத திடப்பொருள் வரும் வினையை ட்யூபில் விடாதீர்கள், ஒருமுறை அடைத்துக்கொண்டு பம்ப் சீல் பிய்ந்தது. 300-க்குக் கீழே, அதிலும் 254-இல்தான் நடக்கும் வேலை என்றால் மெர்க்குரியை விட்டால் வழி குறைவு. அந்தப் பக்கத்து எல்.இ.டி. வாங்கும் மின்சாரத்தில் சில சதவீதம்தான் வெளிச்சமாகிறது. டன் கணக்கைப் பற்றி நான் பேசுவது சரியில்லை, செய்ததில்லை. ஜப்பானின் டோரே கம்பெனி 1960-களிலேயே விளக்கு வைத்து, நைலானுக்கான கேப்ரோலாக்டம் செய்தது. 2013-இல் இத்தாலியின் கரேசியோவில் சனோஃபி, மலேரியா மருந்துக்கான ஆர்ட்டிமிசினின் உற்பத்தியைத் தொடங்கியபோதும் மெர்க்குரி விளக்குதான். அங்கெல்லாம் நல்ல தண்ணீர் இருந்திருக்கும்.

365 எல்.இ.டி. மங்கலான ஊதாவாகத்தான் தெரியும், ‘வெளிச்சமே இல்லையே’ என்று பையன்கள் குனிந்து பார்ப்பார்கள். அப்படிப் பார்ப்பது கண்ணுக்குக் கேடு. கண்ணாடியும் உறையும் கட்டாயம்.

பழைய மெர்க்குரி செட்டை விற்றுவிடலாம் என்று போன மாதம் சொல்லிவைத்தேன். கும்மிடிப்பூண்டியில் இருந்து ஒருவர் வந்து பார்த்துவிட்டு விலை கேட்டார். வாங்கியதில் கால்வாசி கேட்டேன், அதற்கும் குறைத்தார். விளக்கின் மணிக்கணக்கு, ஜாக்கெட்டின் கீறல் எல்லாம் விசாரித்தார். தண்ணீரைப் பற்றி அவர் கேட்கவில்லை, நானே சொன்னேன். யோசித்துச் சொல்வதாகப் போனவர் இன்னும் போன் செய்யவில்லை.