46 கிலோ மின் ஸ்கூட்டரும் 38 ஏக்கர் காபித் தோட்டமும்

பதினொரு மாதங்களில் 1,140 கிலோமீட்டர் ஓட்டியிருக்கிறேன். அத்தனையும் ஏற்காட்டில் எங்கள் காபித் தோட்டத்துக்குள்ளேதான். தார்ச்சாலையில் ஒரு மீட்டர்கூட ஓட்டியதில்லை. அதற்கான காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

நின்றுகொண்டே ஓட்டும் மின் ஸ்கூட்டர் இது. நகரத்துப் பூங்காக்களில் பிள்ளைகள் சறுக்கிக்கொண்டு போகும் பொம்மையை நினைத்துவிட வேண்டாம். இரண்டு சக்கரங்களிலும் தனித்தனி மோட்டார், 11 அங்குல முரட்டு டயர், முன்னும் பின்னும் ஷாக் அப்சார்பர், ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக், 60 வோல்ட் பேட்டரி. எடை 46 கிலோ. சிமென்ட் மூட்டையைவிட நான்கு கிலோதான் குறைவு. விலை ஒன்றரை லட்சத்துக்குச் சில ஆயிரம் கம்மி. இறக்குமதிச் சரக்கு. இதே உடம்பில் வேறு வேறு பெயர்களை ஒட்டி விற்கிறார்கள் என்பதால் பெயரைச் சொல்லி யாருக்கும் பயனில்லை.

வாங்கியதற்குக் காரணம் என் வலது முழங்கால். ஐம்பத்தேழு வயதாகிறது. வீடு மேட்டில் இருக்கிறது. தோட்டத்தின் அடியில் ஓடை. நேர் உயரத்தில் 90 மீட்டர் வித்தியாசம், வளைந்து போகும் பாதையில் 1.2 கிலோமீட்டர். ஜீப், காபி காயவைக்கும் களம் வரைதான் வரும். மோட்டார் பைக்கில் போய்ப் பார்த்தேன். மழைக்காலச் செம்மண்ணில் இரண்டு முறை சாய்ந்து, இரண்டு முறையும் கால் வண்டிக்கு அடியில் மாட்டிக்கொண்டது. கோயம்புத்தூரில் இருக்கும் அக்கா மகன் அப்போதுதான் தன் கைபேசியில் ஒரு வீடியோவைக் காட்டினான். ஒருவன் மணல் மேட்டிலிருந்து இந்த ஸ்கூட்டரோடு பறந்து வந்து இறங்கினான். "மாமா, இது உங்களுக்காகவே செய்த வண்டி" என்றான். பறப்பதில் எனக்கு ஆசையில்லை. ஆனால் நின்று ஓட்டுவதால், சறுக்கினால் குதித்துவிடலாமே என்று தோன்றியது. அந்தக் கணக்கு மட்டும் சரியாக வந்தது. இதுவரை நான்கு முறை சறுக்கி, மூன்று முறை குதித்துத் தப்பித்தேன். நான்காவது முறை ஈரமான சில்வர் ஓக் சருகு மேல் திருப்பியது என் தவறு. முழங்கையில் தழும்பு இருக்கிறது.

விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போட்டிருந்தது 5,600 வாட். வண்டி வந்த மறுவாரம் அடிப்பலகையைத் திறந்து, மோட்டார்களுக்கு மின்சாரத்தை அளந்து விடும் இரண்டு கன்ட்ரோலர்களின் ஸ்டிக்கரைப் பார்த்தேன். ஒன்றுக்கு 25 ஆம்பியர், இரண்டுக்கும் சேர்த்து 50. அதை 60 வோல்ட்டால் பெருக்கினால் 3,000 வாட். பேட்டரி முழுதாக நிறைந்து 67.2 வோல்ட்டில் இருந்தாலும் 3,360ஐத் தாண்டாது. மீதி 2,000 சொச்சம் வாட் எங்கிருந்து வருகிறது என்று விற்றவரிடம் கேட்டேன். அவர் பதிலுக்கு இன்னொரு வீடியோ அனுப்பினார். 3,000 வாட் என்றால் நான்கு குதிரைத்திறன். எங்கள் கிணற்று மோட்டார் இதைவிடப் பெரியது. ஆனால் ஆளும் வண்டியும் சேர்ந்த 124 கிலோவைத் தூக்க நான்கு குதிரை தாராளம். ஆகவே குறை திறனில் இல்லை, பேச்சில்தான்.

ஏற்றத்தில் வண்டி அசத்துகிறது. ஓடையிலிருந்து வரும் பாதையில் ஒரு நூறடி தூரம் சுவர் போல நிமிர்ந்திருக்கும். பைக்கில் முதல் கியரில் முக்கிக்கொண்டு வருவேன். இதில் இரண்டு மோட்டாரையும் போட்டுவிட்டு உடம்பை முன்னால் சாய்த்தால் போதும். சாய்க்காவிட்டால் எடையெல்லாம் பின்சக்கரத்துக்குப் போய், முன்சக்கரம் சேற்றில் சும்மா சுழலும். ஒரு வாரத்தில் உடம்பு இதைப் பழகிக்கொள்கிறது.

ஆனால் அந்த நூறடியை மெதுவாக ஏறக் கூடாது. இது சக்கரத்துக்குள்ளேயே மோட்டார் இருக்கும் வகை, கியர் கிடையாது. வேகம் குறைந்து சுமை கூடினால், இழுக்கும் மின்சாரத்தில் பெரும்பங்கு சூடாகத்தான் போகும். ஒருநாள் ஏற்றத்தின் பாதியில் நின்று, மிளகுக் கொடி கட்டிக்கொண்டிருந்த ஆட்களிடம் பேசிவிட்டு, மறுபடி அங்கிருந்தே கிளப்பி, மறுபடி நின்று என்று ஏறினேன். மேலே வந்து பின்மோட்டாரைத் தொட்டவன் கையை உதறிக்கொண்டேன். இப்போது கீழேயே பேசி முடித்துவிட்டு ஒரே மூச்சில் ஏறுகிறேன்.

இந்த வண்டிகளைப் பற்றிப் பேசுகிற எல்லோரும் ஏற்றத்தையும் வேகத்தையும்தான் சொல்கிறார்கள். 70 கிலோமீட்டர் வேகம் போகுமாம். நான் பார்க்கவில்லை, பார்க்கும் எண்ணமும் இல்லை. எனக்கு வேண்டியது எட்டு கிலோமீட்டர் வேகம். காபிச் செடிகளுக்கு நடுவே, கவாத்தில் வெட்டிவிட்ட குச்சிகள் காலில் உரச, நடையைவிடச் சற்று வேகமாகப் போக வேண்டும். அங்கேதான் இந்த வண்டி தடுமாறுகிறது. விரலால் இழுக்கும் ஆக்சிலேட்டர் முதல் மில்லிமீட்டரில் ஒன்றும் செய்யாது. அடுத்த மில்லிமீட்டரில் முதுகில் யாரோ தள்ளியது போலப் பாயும். ஒற்றை மோட்டார், குறைந்த திறன், முதல் நிலை என்று எல்லாவற்றையும் தாழ்த்தி வைத்தபிறகுதான் மட்டுப்பட்டது. அப்படியும் அரை மணி நேரத்தில் ஆள்காட்டி விரல் வலிக்கிறது. கட்டைவிரலால் அழுத்தும் வகை கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

இனி இறக்கம். முதல் மாதத்தில் நடந்தது இது. இரவு முழுக்கச் சார்ஜ் போட்டு, காலையில் வீட்டு வாசலிலிருந்து நேராக ஓடைக்கு இறங்கினேன். மின் பிரேக்கை அழுத்தமாக வைத்திருந்தேன். வேகத்தைப் பிடித்து, அந்தச் சக்தியைப் பேட்டரிக்கே திருப்பும் ஏற்பாடு அது. இரண்டாவது வளைவில் வண்டியின் திரை அணைந்தது. மோட்டாரின் பிடி சட்டென்று விட்டுப்போய், வண்டி முன்னால் துள்ளியது. கைப்பிடியில் இருந்த டிஸ்க் பிரேக் மின்சாரத்தை நம்பி இல்லாததால் பிழைத்தேன். கால்கள் நடுங்க ஒரு சில்வர் ஓக் மரத்தடியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

காரணம் யோசித்தால் எளிது. விளிம்பு வரை நிறைந்த குடத்தில் மேலும் தண்ணீர் ஊற்றினால் எங்கே போகும்? முழுதாக நிறைந்த பேட்டரிக்குள் மோட்டார் மின்சாரத்தைத் தள்ளியதும் வோல்ட்டேஜ் எகிற, உள்ளே இருக்கும் பாதுகாப்புச் சர்க்யூட் எல்லாவற்றையும் துண்டித்துவிட்டது. அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. ஆனால் கையேட்டின் முப்பது சொச்சம் பக்கங்களில் ஒரு வரி இதைப் பற்றி இல்லை. பள்ளத்தில் வீடு இருப்பவருக்கு இது ஒருநாளும் நேராது. மேட்டில் வீடு இருக்கிறவர்கள் பேட்டரியைத் தொண்ணூறு சதவீதத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சார்ஜருக்கு நேரம் வைத்து அணைக்கும் சுவிட்ச் ஒன்றை மாட்டிவிட்டேன்.

டிஸ்க் பிரேக் நன்றாகவே இருக்கிறது. இரண்டு விரல் போதும். ஆனால் தகடு 160 மில்லிமீட்டர்தான். மின் பிரேக் இல்லாமல் முழு இறக்கமும் பிடித்துக்கொண்டே வந்து, அடியில் தண்ணீர் தெளித்துப் பார்த்தேன். தோசைக்கல் போலச் சுர்ரென்றது. அழுத்தி விட்டு, அழுத்தி விட்டு இறங்க வேண்டும். மூன்றாம் மாதத்தில் பின்பிரேக் கட்டை தேய்ந்தது, ஏழாம் மாதத்தில் முன்கட்டை.

ஒரு சார்ஜில் 90 கிலோமீட்டர் என்கிறது விளம்பரம். அது சமதளத்தில், ஒல்லியான ஆள், ஒரே சீரான மெதுவான வேகத்தில் போனால் வருவது. எனக்குக் கிடைப்பது 34. மலை ஏறுவதுதான் பேட்டரியைத் தின்கிறது என்று நினைத்திருந்தேன். ஒருநாள் மாலை பென்சிலை எடுத்துக் கணக்குப் போட்டதில் ஆச்சரியம். 124 கிலோவை ஒருமுறை 90 மீட்டர் தூக்க வெறும் 30 வாட்-மணிதான் வேண்டும். பேட்டரியில் இருப்பது 1,680. பெரும்பங்கைத் தின்பது சேறும் புல்லும், நிமிடத்துக்கு ஒருமுறை நின்று கிளம்புவதும். கோடையில் மண் இறுகிக் கிடந்தபோது 45 வந்தது. நாளுக்கு நான்கைந்து கிலோமீட்டர் ஓட்டும் எனக்கு வாரம் ஒரு சார்ஜ், இரண்டு யூனிட் மின்சாரம். கூடவே தந்த 2 ஆம்பியர் சார்ஜரில் காலியான பேட்டரி நிறையப் பதின்மூன்று மணி நேரம் ஆகிறது. வண்டியில் இரண்டாவது துளை ஒன்று இருக்கிறது. இன்னொரு சார்ஜர் வாங்கினால் பாதி நேரம். நான் வாங்கவில்லை, அவசரம் ஒன்றும் இல்லை. சார்ஜ் போடுவது மட்டும் கார் ஷெட்டில், சிமென்ட் தரையில். காபி மூட்டைகளும் சாக்குகளும் கிடக்கும் கிடங்கில் லித்தியம் பேட்டரியை வைக்க என் மனைவி சம்மதிக்கவில்லை. அவள் சொன்னதுதான் சரி.

மழையைப் பற்றி: சாரலைத் தாங்கும் என்கிறார்கள், தாங்குகிறது. பனிமூட்டத்தில் தினமும் நனைகிறது, ஒன்றும் ஆகவில்லை. குழாய் வைத்துக் கழுவுவது மட்டும் கூடாது, ஈரத்துணிதான். பின்மட்கார்டு அலங்காரத்துக்கு வைத்தது. பழைய டியூபை வெட்டி நீட்டிக் கட்டும் வரை சட்டையின் முதுகெல்லாம் செம்மண் கோலம்.

பஞ்சர் ஆனால் அது தனிக் கதை. இந்த டயரைக் கழற்ற, சக்கரத்தையே இரண்டாகப் பிரிக்க வேண்டும். ஊரில் பஞ்சர் ஒட்டுகிறவர் சக்கரத்திலிருந்து நீளும் மின்கம்பியைப் பார்த்துவிட்டு, "ஐயா, இது எலக்ட்ரீஷியன் வேலை" என்று கும்பிடு போட்டார். நானே நான்கு மணி நேரம் மல்லுக்கட்டி மாற்றினேன். 11 அங்குல டியூப் சேலத்தில் தேடியும் கிடைக்கவில்லை. கோயம்புத்தூர் மருமகன்தான் வரவழைத்துத் தருகிறான். வண்டி வாங்கும் அன்றே இரண்டு டியூப் சேர்த்து வாங்கிவிடுங்கள். மடக்கும் மூட்டில் இருக்கும் போல்ட்டுகளையும் வாரம் ஒருமுறை ஆலன் கீ வைத்துப் பாருங்கள். என்னுடையது நான்காம் வாரமே கால் சுற்று தளர்ந்திருந்தது. ஹேண்டில் பார் முழுக்க அந்த மூட்டை நம்பித்தான் நிற்கிறது.

இன்னொன்றை யாரும் சொல்லித் தரவில்லை. வண்டிக்குச் சத்தம் இல்லை. ஒரு காலை ஏழு மணிக்கு, மூடுபனியில், வளைவு திரும்பியதும் பதினைந்தடி தூரத்தில் காட்டெருமை. பைக் சத்தம் கேட்டால் அவை முன்பே விலகிவிடும். இதை அது எதிர்பார்க்கவே இல்லை, நானும்தான். அது என்னைப் பார்த்தது, நான் மண்ணைப் பார்த்தேன். பிறகு அதுவாகவே பெருமூச்சு விட்டுப் புதருக்குள் இறங்கிப் போனது. அந்த வாரமே சேலம் போய் ஒரு மாட்டுமணி வாங்கி ஹேண்டில் பாரில் கட்டினேன். இப்போது பழம் பறிக்கும் பெண்களுக்கும் நான் வருவது முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. அவர்களுக்கு அதில் சந்தோஷம்.

தோட்ட வேலைக்கு எவ்வளவு உதவுகிறது என்றால், ஆளைக் கொண்டுபோய்ச் சேர்க்கும், அவ்வளவுதான். உரமூட்டை ஏற்ற முடியாது. ஓட்டிக்கொண்டே செடியைப் பார்க்கவும் முடியாது. சிறிய சக்கரம் என்பதால் கண் பாதையை விட்டு அகலக் கூடாது. பைக் சக்கரம் உருண்டு கடக்கும் குழியில் இது மூக்கைக் குத்தும். நடந்து போன காலத்தில் ஒரு செடியின் இலை வெளுத்திருந்தால் கண்ணில் படும், தண்டில் துளைப்பான் புழு இருக்கிறதா என்று குனிந்து பார்ப்பேன். வண்டி வந்த முதல் இரண்டு மாதங்களில் அப்படி எத்தனை செடிகளைக் கவனிக்காமல் விட்டேனோ. இப்போது பகுதிக்குப் பகுதி நிறுத்திவிட்டு, இறங்கி நடக்கிறேன். முழங்காலுக்கு ஏற்றம் மட்டும் மிச்சம். அதுவே எனக்குப் பெரிய விஷயம்.

தார்ச்சாலைக் கதையைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் 38 ஏக்கரில் 22 மேலே, 16 கீழே. நடுவில் ஊராட்சிச் சாலை. கீழ்த்தோட்டத்தின் வாசலுக்கு அந்தச் சாலையில் இருநூறு மீட்டர் போக வேண்டும். நம் நாட்டில் 250 வாட்டுக்குக் குறைந்த திறனும், 25 கிலோமீட்டருக்குக் குறைந்த வேகமும் உள்ள மின் வண்டிக்குத்தான் பதிவும் உரிமமும் தேவையில்லை. என்னுடையது அதற்குள் அடங்காது. பதிவு செய்யலாம் என்றால், அதற்கு வேண்டிய அங்கீகாரம் இந்த வண்டிக்குக் கிடையாது. விற்கும்போது இதை யாரும் வாய் திறந்து சொல்லவில்லை. சொந்த நிலம் இல்லாதவர்கள் ஒன்றரை லட்சத்தை எண்ணிக் கொடுக்கும் முன் இந்த ஒரு பத்தியை மட்டுமாவது படிக்கட்டும்.

ஆகவே தினமும் காலை எட்டரைக்கு, மேல்வாசலில் இறங்கி, மணி கிணுகிணுக்க 46 கிலோவை இருநூறு மீட்டர் தள்ளிக்கொண்டு போகிறேன். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் அந்த நேரத்துக்குத்தான் வருவார்கள். முதல் மாதம் "வண்டி ரிப்பேரா தாத்தா?" என்று கேட்டார்கள். இப்போது கேட்பதில்லை. இரண்டு பேர் பின்னாலிருந்து தள்ளுகிறார்கள்.