சாக்கெட் ஒன்றாக இருந்தால் போதாது: பழைய பி450 போர்டில் புது ரைசன், இரண்டு வருட அனுபவம்

2019-ல் நானே பூட்டிய கம்ப்யூட்டர் இது. ஏஎம்டியின் ரைசன் 5 2600 பிராசஸர், பி450 மதர்போர்டு, ஒற்றை 8 ஜிபி ரேம், ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கிராஃபிக்ஸ் கார்டு. 2023-ல் போர்டையும் கேபினெட்டையும் அப்படியே வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் மாற்றினேன். ஜனவரியில் ஆர்எக்ஸ் 6600 கிராஃபிக்ஸ் கார்டு, எஸ்எம்பிஎஸ் (மின்சாரம் கொடுக்கும் பெட்டி), ரேம். மார்ச்சில் ரைசன் 5 5600. அதற்கப்புறம் சென்னை வெயிலில் இரண்டு கோடை ஓடிவிட்டது. இதே மாதிரி பழைய போர்டு வைத்திருப்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

முதலில் ரிச்சி ஸ்ட்ரீட்டில் விசாரித்தேன். போர்டு பெயரைச் சொன்னதுமே ஒரு கடைக்காரர், “ஏஎம்4 தானே சார், சாக்கெட் ஒண்ணுதான், போட்டா ஓடும்” என்றார். ஏஎம்4 என்பது பிராசஸர் உட்காரும் சாக்கெட்டின் பெயர். அவர் சொன்னது பாதி உண்மை. பிராசஸர் சாக்கெட்டில் உட்காரும், ஆனால் போர்டில் இருக்கும் பயாஸுக்கு (கம்ப்யூட்டரை எழுப்பும் மென்பொருள்) அதை அடையாளம் தெரிய வேண்டும். 2020 மே மாதம் ஏஎம்டியே, அடுத்து வரும் ஸென் 3 பிராசஸர்கள் (5600 அந்த வகைதான்) பி450-ல் ஓடாது என்று சொல்லியிருந்தது. போர்டு வாங்கியவர்கள் கொதித்துப் போனதும் அதே மாதத்திலேயே முடிவை மாற்றிக்கொண்டது. அந்த ஆதரவு வந்தது புதிய பயாஸ் வழியாகத்தான். பழைய பயாஸோடு 5600-ஐ மாட்டினால் ஃபேன் சுற்றும், திரை இருட்டாகவே இருக்கும். ஆகவே பழைய பிராசஸர் உள்ளே இருக்கும்போதே பயாஸை ஏற்றிவிடுங்கள். பென் டிரைவை ஃபேட்32-ல் ஃபார்மட் செய்து, யுபிஎஸ் இணைப்பில் வைத்துச் செய்யுங்கள். பயாஸ் ஏறும் நடுவில் கரண்ட் போனால் போர்டே போய்விடும்.

நான் உண்மையிலேயே பதறியது கூலரைக் கழற்றும்போது. நாலு ஸ்க்ரூவையும் எடுத்துவிட்டு நேராகத் தூக்கினேன். பிராசஸருக்கும் கூலருக்கும் நடுவே வெப்பம் கடத்தத் தடவும் பேஸ்ட் நாலு வருடத்தில் காய்ந்து இறுகியிருந்தது. சாக்கெட் லீவர் பூட்டியபடி இருக்க, பிராசஸர் கூலரின் அடியில் ஒட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டது. ஏஎம்4 பிராசஸரின் அடியில் 1331 பின். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் ஓர் ஓரத்தில் மூன்று பின் மட்டும் வரிசை தப்பிச் சாய்ந்திருந்தன. லெட் எடுத்த மைக்ரோ டிப் பென்சிலின் முனையை ஒவ்வொன்றிலும் நுழைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நிமிர்த்தினேன். முக்கால் மணி நேரம் ஆனது. கழற்றுவதற்கு முன் பத்து நிமிடம் ஏதாவது கேம் ஓட்டியிருந்தால் பேஸ்ட் இளகியிருக்கும். அணைத்த கையோடு கூலரை இடதும் வலதுமாகத் திருகி விடுவித்திருக்கலாம்.

கிராஃபிக்ஸ் கார்டில் ஒரு கணக்கு இருக்கிறது, பலரும் அதைப் பார்ப்பதில்லை. கார்டும் போர்டும் பேசிக்கொள்ளும் பாதைக்குப் பிசிஐஇ என்று பெயர், பி450-ல் அது 3.0 பதிப்புதான். ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி கார்டு அந்தப் பாதையின் நாலே லேன்களில் (தடங்களில்) பேசுவது. 4.0 போர்டில் சமாளிக்கும், 3.0-ல் பாதி அகலம்தான் கிடைக்கும். 4 ஜிபி நினைவகம் நிரம்பியதும் கேம் திக்கித் திணறும். விலை குறைவு என்று அதைத்தான் எடுக்க இருந்தேன். ஆர்எக்ஸ் 6600-க்கு எட்டு லேன், 8 ஜிபி. 3.0 போர்டில் இழப்பு இருந்தாலும் 1080பி-யில் இதுவரை எனக்குத் தெரியவில்லை. வாங்கும் முன் கேபினெட்டுக்குள் டேப் வைத்து நீளத்தையும் அளந்துகொண்டேன்.

எஸ்எம்பிஎஸ் மாற்றியதற்குக் காரணம் எளிது. 1050 டிஐ 75 வாட்டில் ஓடும், ஸ்லாட் கொடுக்கும் மின்சாரமே போதும். 6600-க்கு 132 வாட், தனியாக 8 பின் கேபிள் வேண்டும். பழையதில் அது இல்லை. கன்வர்ட்டர் கேபிள் போட்டுக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். கேபிள்களைத் தனியாகக் கழற்றக்கூடிய மாடுலர் வகை வாங்கினால் பழைய எஸ்எம்பிஎஸ்ஸின் கேபிளைப் புதியதில் செருகவும் கூடாது. முனை பொருந்தும், உள்ளே வயர் வரிசை வேறாக இருக்கும், ஹார்டு டிஸ்க் கருகிவிடும். 5600-க்காகக் கூடுதல் வாட் தேவைப்படவில்லை, 2600-ம் அதுவும் 65 வாட்தான்.

ரேமில் பணத்தை வீணாக்கினேன். இருந்த 8 ஜிபியோடு வேறு பிராண்டு 8 ஜிபி ஒன்றைப் பழையதாக வாங்கிச் சேர்த்தேன். 3200 வேகத்தில் எக்ஸ்எம்பி (ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் பயாஸ் அமைப்பு) போட்டதும் கேம் நடுவில் நீலத் திரை. 2666-க்கு இறக்கினால் நிற்கும். ஒரு வாரம் கார்டு மீது சந்தேகப்பட்டு டிரைவரை மாற்றி மாற்றிப் போட்டேன். கடைசியில் ஒரே பெட்டியில் வரும் 8 ஜிபி ஜோடியை வாங்கி, இரண்டாவது, நாலாவது ஸ்லாட்டில் போட்டேன். அன்றோடு தொல்லை ஒழிந்தது.

கார்டு மட்டும் மாற்றிய அந்த இரண்டு மாதம் வாலரன்ட் கேமில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. மானிட்டர் 144 ஹெர்ட்ஸ், ஆனால் சண்டை சூடுபிடிக்கும் நேரத்தில் ஃப்ரேம் சரிந்துவிடும். கட்டிப்போட்டது பழைய பிராசஸர். 5600 வந்த அன்றே அந்தச் சரிவு நின்றது. சைபர்பங்க் மாதிரி கனமான கேம்களில் நேர்மாறு, அங்கே கார்டு வந்ததும் கம்ப்யூட்டர் புதிதானது. நீங்கள் எதை அதிகம் ஆடுகிறீர்களோ அதைப் பார்த்து எதை முதலில் வாங்குவது என்று முடிவு செய்யுங்கள்.

பிராசஸரோடு வந்த கூலரேதான் இன்றும். மே மாத மதியத்தில் ஏசி இல்லாமல் ஆடினால் 82 டிகிரி வரை போகிறது. 5600-க்கு எல்லை 90. எனக்கு அது பிடிக்கவில்லை, வரும் கோடைக்குள் டவர் கூலர் மாட்டுவேன். ரேமில் இடிக்காத உயரமா என்று பார்த்து வைத்திருக்கிறேன்.

கழற்றிய 2600 இப்போது சித்தி மகனிடம் இருக்கிறது. அதில் உள்ளமைந்த கிராஃபிக்ஸ் கிடையாது, கார்டு இல்லாமல் கொடுத்தால் திரையே வராது. அதனால் 1050 டிஐ-யையும் சேர்த்தே கொடுத்தேன். அவனுடைய சின்ன ஏ320 போர்டில், பழைய எஸ்எம்பிஎஸ்ஸிலேயே, இரண்டும் ஓடுகின்றன. நிமிர்த்திய அந்த மூன்று பின்னும் இன்றுவரை பழுதில்லை.