14,000 ரூபாய் ரெட்மி பேட் 2, 34,900 ரூபாய் ஐபேடுக்கு ஈடுகொடுக்குமா?

ஒரு ஐபேட் வாங்கும் பணத்தில் ரெட்மி பேட் 2 இரண்டரை வாங்கலாம். 2025 மார்ச்சில் வந்த ஏ16 ஐபேடின் 128 ஜிபி வைஃபை மாடல் 34,900 ரூபாய். அதே ஆண்டு ஜூனில் இந்தியாவுக்கு வந்த ரெட்மி பேட் 2, 13,999 ரூபாயில் தொடங்கியது. உலக டேப்லெட் சந்தையில் முதலிடம் இன்னமும் ஆப்பிளிடம்தான் இருக்கிறது. அதனுடன் இந்த மலிவு டேப்லெட் மோத முடியுமா? பார்ப்பதற்கும் படிப்பதற்கும் என்றால் தாராளமாக முடியும். வேலை வாங்குவதற்கும் பல ஆண்டு வைத்துக்கொள்வதற்கும் என்றால் முடியாது.

முதலில் திரை. இரண்டையும் 11 இன்ச் என்றுதான் விற்கிறார்கள், ஆனால் வடிவம் வேறு. ரெட்மியின் திரை 16:10. ஸ்கேல் வைத்து அளந்தால் நீளம் சுமார் 23.7 செ.மீ., அகலம் 14.8 செ.மீ. ஐபேடின் திரை சற்றுச் சதுரம்: 22.6 செ.மீ., 15.7 செ.மீ. யூடியூப் வீடியோவோ சினிமாவோ போட்டால் ரெட்மியில் படம் ஏறக்குறைய 9 சதவீதம் பெரிதாகத் தெரியும். பாடப்புத்தக பிடிஎஃப் திறந்தால் கதை தலைகீழ். ஏ4 தாளின் அகலம் 21 செ.மீ. நிமிர்த்திப் பிடித்த ஐபேடில் அந்தப் பக்கம் முக்கால் அளவுக்குச் சுருங்கும். ரெட்மியில் 70 சதவீதத்துக்குச் சுருங்கும். 12 பாயிண்ட் எழுத்து ஐபேடில் 9 பாயிண்டாகவும் ரெட்மியில் எட்டரைக்குக் கொஞ்சம் குறைவாகவும் தெரிகிறது என்று கணக்கு. இரண்டு மணி நேரம் தொடர்ந்து படிக்கிற கண்ணுக்கு இந்த அரை பாயிண்ட் உறைக்கும்.

கூர்மையில் ரெட்மி பின்தங்கவில்லை. அதன் 2560×1600 புள்ளிகள் ஐபேடின் 2360×1640-ஐ விடச் சற்று நெருக்கமாகவே அடுக்கப்பட்டிருக்கின்றன. திரை 90 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 90 முறை படத்தைப் புதுப்பித்து ஓடுகிறது, ஐபேட் 60-தான். நான்கு ஸ்பீக்கர், 3.5 மி.மீ. ஹெட்போன் துளை, மெமரி கார்டு இடம் எல்லாம் ரெட்மியில் உண்டு. ஐபேடில் ஸ்பீக்கர் இரண்டு. துளையும் இல்லை, கார்டு இடமும் இல்லை. படம் பார்க்க மட்டும் டேப்லெட் தேடுகிறவருக்கு இத்தோடு முடிவு தெரிந்துவிட்டது, ரெட்மியே போதும்.

இனி சிப்புக்கு வருவோம். உண்மையான தூரம் இங்கேதான் இருக்கிறது. ஐபேடில் இருப்பது 2022-இல் ஐபோன் 14 ப்ரோவுக்காக வந்த ஏ16 சிப், ஒரு கோர் (சிப்புக்குள் கணக்குப் போடும் அலகு) குறைத்தது. ரெட்மியில் ஹீலியோ ஜி100 அல்ட்ரா. அதில் வேகமான கோர் இரண்டே, மீதி ஆறும் சிக்கனக் கோர்கள். ஒற்றைக் கோர் வேகத்தில் ஏ16 மூன்று மடங்குக்கும் மேல். வாட்ஸ்அப், பிரவுசர், ஆன்லைன் வகுப்பு வரைக்கும் இந்த வித்தியாசம் கையில் தெரியாது. திரையைப் பாதியாகப் பிரித்து ஒருபுறம் வகுப்பும் மறுபுறம் நோட்ஸும் வைத்தால் தெரியும். 300 பக்க ஸ்கேன் பிடிஎஃப்பை வேகமாகத் தள்ளினால் பக்கம் வெள்ளையாக நின்று பிறகுதான் எழுத்து வரும். 4கே வீடியோ எடிட்டிங்கை ரெட்மியில் தொடவே வேண்டாம்.

சிப்பை விட முதலில் மூச்சு வாங்கப்போவது 4 ஜிபி ரேம். 13,999 ரூபாய் வைஃபை மாடலில் அவ்வளவுதான் இருக்கிறது. வகுப்பு நடக்கும்போது பிரவுசருக்குப் போய்விட்டுத் திரும்பினால், ஆப் பின்னணியில் மூடப்பட்டு மறுபடி முதலிலிருந்து லோட் ஆக வாய்ப்பு அதிகம். செட்டிங்ஸில் 'மெமரி எக்ஸ்டென்ஷன்' போட்டால் சரியாகிவிடும் என்று நம்ப வேண்டாம். அது ஸ்டோரேஜில் ஒரு பகுதியை ரேம் போலப் பயன்படுத்துவது. ஸ்டோரேஜின் வேகம் ரேமின் வேகத்துக்குப் பக்கத்தில்கூட வராது. 2,000 ரூபாய் கூடப் போட்டு, 15,999-க்கு வந்த 6 ஜிபி ரேம், 4ஜி சிம் மாடலை எடுப்பதே சரி. ஒரு குறிப்பிட்ட ஆப் மட்டும் மூடிக்கொண்டே இருந்தால், அந்த ஆப்பின் தகவல் பக்கத்துக்குப் போய் பேட்டரி சேவரை 'நோ ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ்' என்று மாற்றுங்கள், ஆட்டோஸ்டார்ட்டையும் ஆன் செய்யுங்கள். பாதிப் புகார் இதிலேயே தீரும்.

அந்த சிம் இடத்துக்கும் தனி மதிப்பு இருக்கிறது. யுபிஐ ஆப்கள் சிம்மிலிருந்து எஸ்எம்எஸ் அனுப்பித்தான் கணக்கை உறுதி செய்கின்றன. வைஃபை மட்டும் உள்ள எந்த டேப்லெட்டிலும், ஐபேடானாலும், அந்த வழி அடைபட்டே இருக்கும். ஐபேடில் செல்லுலார் மாடலுக்கு 15,000 ரூபாய் கூடுதல், மொத்தம் 49,900. அதுவும் டேட்டாவுக்கு மட்டும். சாதாரணக் கால் பேச வராது. வீட்டில் வைஃபை இல்லாத மாணவருக்கு ரெட்மியின் 4ஜி மாடல் பெரிய வரம். கைரேகை சென்சார் ஐபேடின் மேல் பட்டனில் இருக்கிறது, ரெட்மியில் இல்லை. ரெட்மியின் முக அடையாளம் சாதாரண கேமராவை நம்பியது, பூட்டு திறக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

ரெட்மியை எடுத்ததும் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு: விளம்பரத்தை அடைப்பது. வைஃபையில் இணைத்த பிறகு செட்டிங்ஸ், பாஸ்வேர்ட்ஸ் அண்ட் செக்யூரிட்டி, ஆதரைசேஷன் அண்ட் ரிவோகேஷன் என்று உள்ளே போங்கள். விளம்பரம் காட்டும் 'எம்எஸ்ஏ' என்பதை ஆஃப் செய்தால் 10 விநாடி எண்ணும், அதன் பிறகே 'ரிவோக்' பட்டன் உயிர் பெறும். முதல் தடவை பெரும்பாலும் 'முடியவில்லை' என்று திருப்பிவிடும். விடாமல் இரண்டு மூன்று முறை முயன்றால் அணையும். இணையம் இல்லாமல் செய்தால் கட்டாயம் தோற்கும், அதனால்தான் முதலில் வைஃபை. அடுத்து பிரைவசி பகுதியில் 'பர்சனலைஸ்டு ஆட்ஸ்' ஆஃப். ஃபைல் மேனேஜர் போன்ற ஆப்களின் உள் செட்டிங்ஸில் 'ரெகமண்டேஷன்ஸ்' தனியாக இருக்கும், அதையும் அணையுங்கள். குழந்தை கைக்குப் போகும் கருவியில் இந்த வேலையைச் செய்யாமல் கொடுக்கக் கூடாது. பணம் கொடுத்து வாங்கிய பொருளில் வாங்கியவரே விளம்பரத்தைத் துரத்த வேண்டியிருப்பது நியாயமும் இல்லை. ஐபேடில் இந்தத் தொல்லை கிடையாது.

பேனா விஷயத்தில் ஆப்பிள்தான் குழப்புகிறது. 7,900 ரூபாய் யுஎஸ்பி-சி பென்சிலுக்கு அழுத்தம் தெரியாது. லேசாக வைத்தாலும் அழுத்தினாலும் கோடு ஒரே தடிமன். நோட்ஸ் எழுத அது பரவாயில்லை, படம் வரைய உதவாது. அழுத்தம் அறியும் முதல் தலைமுறைப் பென்சில் 9,500 ரூபாய், அதை சார்ஜ் ஏற்றத் தனி அடாப்டர் தொங்கவிட வேண்டும். ரெட்மியின் ஸ்மார்ட் பென் சுமார் 4,000 ரூபாய், அழுத்தமும் அறியும். இருந்தாலும் வரைவதற்கு என்றே வாங்குபவர் ஐபேட் பக்கம் போவதில் தவறில்லை. புரொக்ரியேட் என்ற வரையும் ஆப் ஆண்ட்ராய்டில் கிடையாது, கைக்கும் கோட்டுக்கும் நடுவே வரும் தாமதமும் ஐபேடில் குறைவு. கடையில் பேனா இருந்தால் ஸ்கேலைச் சாய்வாக வைத்து மிக மெதுவாக ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். கோடு அலை அலையாக நெளிந்தால், அந்தப் பேனா எழுத மட்டும்தான் லாயக்கு.

தமிழ் தட்டச்சுக்கு இரண்டுமே நல்லவை. ஐபேடில் தமிழ்99, அஞ்சல் என்ற இரண்டு கீபோர்டுகளும் உள்ளேயே இருக்கின்றன. ரெட்மியில் கூகுளின் ஜிபோர்டு கீபோர்டு, பேசித் தட்டச்சு செய்பவர்களுக்கு அது கூடுதல் வசதி. பேட்டரி ரெட்மியில் 9,000 எம்ஏஎச், ஐபேடை விடப் பெரியது. சார்ஜிங் 18 வாட்தான், எனவே முழுதாக ஏற மூன்று மணி நேரத்தை ஒட்டி ஆகும். இரவில் போட்டுவிடுங்கள்.

ஆயுளையும் விலையோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 2019-இல் வந்த ஏழாம் தலைமுறை ஐபேடுக்கு 2024-இன் ஐபேட்ஓஎஸ் 18 வரை பெரிய அப்டேட் கிடைத்தது. ஐபேடை ஆறு ஆண்டும் 15,999 ரூபாய் ரெட்மியை மூன்று ஆண்டும் ஓட்டுவதாக வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு 5,800 ரூபாயும் 5,300 ரூபாயும் ஆகிறது. இரண்டு மடங்குக்கும் மேலான விலை வித்தியாசம் இப்படிக் கரைந்துவிடும். பழைய ஐபேடை விற்றால் கிடைக்கும் பணம் வேறு. ஆனால் பத்து வயதுப் பிள்ளை கையில் எந்த டேப்லெட்டும் ஆறு ஆண்டு உடையாமல் இருக்கும் என்று கணக்குப் போடுவது கஷ்டம். அந்த வீட்டுக்கு ரெட்மியும், ஓரம் தடித்த ரப்பர் கவரும் போதும். ஐபேடே வாங்கியிருந்தால் ஒன்று தெரிந்திருக்கட்டும்: இந்த மாடலில் மேல் கண்ணாடியும் உள்ளிருக்கும் டிஸ்பிளேவும் ஒட்டாமல் தனித்தனியாக இருக்கின்றன. கண்ணாடி மட்டும் கீறி விரிசல் விட்டு, படம் தெளிவாகத் தெரிந்தால், வெளிக்கடையில் 'டிஸ்பிளேவோடு மாற்றினால்தான் ஆகும்' என்று சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். கண்ணாடியை மட்டும் மாற்ற முடியும், செலவும் குறையும்.