மேலேயே ஏற்றுவதா, துடைத்துப் போடுவதா? விண்டோஸ் 11-இல் அப்கிரேடும் ஆக்டிவேஷனும்

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அதன்பிறகு என்னிடம் கேட்பவர்கள் எல்லோருக்கும் இருக்கும் சந்தேகம் ஒன்றுதான்: இருப்பதன் மேலேயே விண்டோஸ் 11-ஐ ஏற்றிவிடலாமா, இல்லை ஃபார்மட் அடித்துப் புதிதாகப் போட்டுவிடலாமா? பெரும்பாலானவர்கள் வேகத்தை வைத்து முடிவெடுக்கிறார்கள். புதிதாகப் போட்டால் கம்ப்யூட்டர் சுத்தமாக இருக்கும், பறக்கும் என்று ஒரு நம்பிக்கை. நான் லைசென்ஸை வைத்துத்தான் முடிவெடுப்பேன். ஏனென்றால் மேலேயே ஏற்றும்போது தொல்லை எல்லாம் அப்கிரேடு நடக்கும் ஒரு மணி நேரத்திலேயே வந்துபோகும். துடைத்துப் போடும்போது நிறுவுவது சுலபமாக முடிந்து, தொல்லை எல்லாம் ஆக்டிவேஷனில், அதாவது லைசென்ஸ் முறையானதுதான் என்று சரிபார்த்து ஏற்றுக்கொள்ளும் கட்டத்தில், போய் உட்கார்ந்துகொள்ளும். எந்தத் தலைவலி உங்களுக்குத் தாங்கும் என்பதுதான் விஷயம்.

முதலில் மேலே ஏற்றுவது. இதற்கு அப்டேட் பகுதியில் வரும் அழைப்புக்காகக் காத்திருப்பதைவிட, விண்டோஸ் முழுவதும் அடங்கிய ஐஎஸ்ஓ கோப்பை மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்தே இறக்கி, இரட்டைக் கிளிக்கில் திறந்து, உள்ளே இருக்கும் செட்டப்பை ஓடவிடுவது மேல். தோற்றால் காரணமாவது தெரியும். இதில் முதல் கோபம் வரும் இடம், கோப்புகளையும் ஆப்களையும் வைத்துக்கொள் என்ற தேர்வு மங்கிப்போய்க் கிடப்பது. பலர் இங்கேயே மனம் தளர்ந்து ஃபார்மட்டுக்குப் போய்விடுகிறார்கள். பெரும்பாலும் காரணம் சின்னது: இருக்கும் விண்டோஸ் அமெரிக்க ஆங்கிலம், இறக்கிய ஐஎஸ்ஓ சர்வதேச ஆங்கிலம். மொழி ஒத்துப்போகாவிட்டால் ஆப்களை வைத்துக்கொள்ள விடாது. சரியான மொழியில் மறுபடி இறக்கினால் போதும்.

அடுத்தது, பாதி வழி போய், இரண்டு மூன்று முறை ரீஸ்டார்ட் ஆகி, பழைய விண்டோஸுக்கே திரும்பி வந்து நிற்பது. அப்போது காட்டும் எண் சி1900101 என்று இருந்தால் (முன்னால் வரும் பூஜ்யத்தையும் எக்ஸையும் விட்டுவிட்டு எழுதுகிறேன்) டிரைவரைத்தான் (ஹார்டுவேரை இயக்கும் சிறு மென்பொருள்) சந்தேகப்பட வேண்டும். பிரிண்டர், டாங்கிள் (சில மென்பொருள்கள் ஓடுவதற்குச் செருக வேண்டிய லைசென்ஸ் சாவி), வெளி ஹார்ட் டிஸ்க் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, வெளியிலிருந்து வாங்கிப் போட்ட ஆன்டிவைரஸை முழுதாக நீக்கிவிட்டு மறுபடி முயன்றால் பாதி கேஸ் அங்கேயே தீர்ந்துவிடும். 80070070 என்றால் இடம் போதவில்லை. சி1900208 என்றால் ஒத்துவராத ஏதோ ஓர் ஆப் வழிமறிக்கிறது. எதுவும் புரியாவிட்டால் மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் செட்டப்டயாக் என்ற சிறு கருவியை ஓடவிடுங்கள், அது லாக் கோப்புகளைப் படித்து எந்த டிரைவர், எந்தக் கட்டத்தில் என்று சொல்லிவிடும். லாக்கை வெறும் கண்ணால் படித்து நேரத்தை வீணாக்கியவன் என்ற முறையில் சொல்கிறேன்.

இன்னொன்று கொஞ்சம் விநோதமானது: சிஸ்டம் ரிசர்வ்டு பார்ட்டிஷனை அப்டேட் செய்ய முடியவில்லை என்று வரும். சி டிரைவில் நூற்றுக்கணக்கான ஜிபி காலியாக இருக்கும், ஆனால் பூட் ஆவதற்கான அந்தக் குட்டிப் பகுதி 100 எம்பி அளவில் நிரம்பியிருக்கும். அங்கே இருக்கும் ஃபான்ட்ஸ் ஃபோல்டரைக் காலி செய்தால் தேவையான இடம் கிடைத்துவிடும். மைக்ரோசாஃப்டே சொல்லும் வைத்தியம்தான் இது.

இத்தனை முட்டல் மோதலுக்குப் பிறகு அப்கிரேடு முடிந்தால், விண்டோஸ் ஆக்டிவேஷனைப் பற்றிக் கவலையே வேண்டாம், ஹோம், புரோ என்ற எடிஷன்களில் ஹோம் ஹோமாகவும் புரோ புரோவாகவும் அப்படியே தொடரும். பிடிக்கவில்லையென்றால் 10 நாளைக்குள் பழையதற்குத் திரும்பலாம், அதற்காகத்தான் விண்டோஸ்.ஓல்டு ஃபோல்டர் அவ்வளவு இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறது. அந்த 10 நாளை, காலம் முடிவதற்கு முன்பே, ஒரு கட்டளையால் 60 வரை நீட்டிக்கொள்ளவும் முடியும். இடம் வேண்டும் என்று டிஸ்க் கிளீனப்பில் அதை அழித்துவிட்டால் திரும்பும் வழி அடைபட்டுவிடும், அப்புறம் ஃபார்மட்தான்.

சரி, துடைத்துப் போடுவது. நிறுவும்போது லைசென்ஸுக்கான கீ கேட்டால், என்னிடம் கீ இல்லை என்று அழுத்திவிட்டு நகர்ந்துவிடலாம். ஏற்கெனவே அதே மெஷினில் விண்டோஸ் ஆக்டிவேட் ஆகியிருந்தால், டிஜிட்டல் லைசென்ஸ் மைக்ரோசாஃப்ட் சர்வரில் உங்கள் ஹார்டுவேரின் அடையாளத்தோடு பதிந்திருக்கும், நெட் கிடைத்ததும் தானே ஆக்டிவேட் ஆகிவிடும். கேட்க நன்றாக இருக்கிறதா? சிக்கல் எடிஷனில். லேப்டாப் ஹோமோடு வந்தது, பிறகு நீங்கள் காசு கொடுத்துப் புரோவுக்கு மாற்றினீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பயாஸில் (மதர்போர்டிலேயே பதிந்திருக்கும் அடிப்படை மென்பொருள்) எழுதப்பட்டிருக்கும் கீ இன்னும் ஹோமுடையதுதான். செட்டப் அதைப் பார்த்துவிட்டு, உங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமலே ஹோமைப் போட்டு முடித்துவிடும், நீங்கள் புரோவைத் தேடி அலைவீர்கள். இதற்காகப் புதுக் கீ வாங்கியவர்களை எனக்குத் தெரியும், பாவம். நெட்டைத் துண்டித்துவிட்டு, மைக்ரோசாஃப்ட் வெளிப்படையாகக் கொடுத்திருக்கும் பொதுப் புரோ கீயைப் போட்டால் எடிஷன் மாறும். அந்தக் கீ எதையும் ஆக்டிவேட் செய்யாது, எடிஷனை மட்டும்தான் மாற்றும். பிறகு நெட்டை இணைத்தால் உங்கள் பழைய புரோ லைசென்ஸ் வந்து ஒட்டிக்கொள்ளும்.

மதர்போர்டு மாற்றியிருந்தால் கதை வேறு. மெஷினோடு வந்த ஓஇஎம் லைசென்ஸ் அந்த போர்டோடு முடிந்தது. தனியாக வாங்கிய ரீடெயில் லைசென்ஸ் என்றால் கொண்டுபோகலாம், ஆனால் மாற்றுவதற்கு முன்பே மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டோடு அதை இணைத்து வைத்திருந்தால் வேலை லேசாக முடியும்: ஆக்டிவேஷன் டிரபிள்ஷூட்டரில் சமீபத்தில் ஹார்டுவேர் மாற்றினேன் என்பதை அழுத்திப் பழைய மெஷினைத் தேர்ந்தெடுக்கலாம்.

துடைப்பதற்கு முன் ஒரே ஒரு பரிசோதனை மட்டும் கட்டாயம் செய்யுங்கள். ரன் பெட்டியில் எஸ்எல்எம்ஜிஆர் என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு, ஒரு சாய்கோடும் டிஎல்ஐ என்ற மூன்று எழுத்தும் போட்டால் லைசென்ஸ் எந்த வகை என்று சொல்லும். அதில் கேஎம்எஸ் என்று இருந்தால் அது ஏதோ ஒரு நிறுவனத்தின் மொத்த லைசென்ஸ், 180 நாளுக்கு ஒருமுறையாவது அந்த நிறுவனத்தின் சர்வரைத் தொட்டுக்கொண்டே இருக்க வேண்டியது. பழைய லேப்டாப் வாங்கினேன், சில மாதம் நன்றாக இருந்தது, திடீரென்று ஆக்டிவேட் செய் என்கிறது என்பவர்களின் கதை பெரும்பாலும் இதுதான். இதைத் துடைத்துப் போட்டால் அந்த லைசென்ஸ் திரும்ப வராது, எந்த டிரபிள்ஷூட்டரும் உதவாது. ஆக்டிவேட் ஆகாத விண்டோஸ் உடனே நின்றுவிடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன், மூலையில் நீர்க்குறி வரும், வால்பேப்பர், நிறம் மாற்ற விடாது, மற்றபடி ஓடும். அதனால் பதறிப்போய் அடிமாட்டு விலைக்குக் கிடைக்கும் கீயை எங்கேயாவது வாங்கிவிடாதீர்கள்.

புதிதாகப் போடும்போது வரும் வேறு இரண்டு தடைகளை ஓடிக்கொண்டே சொல்கிறேன். இன்டெல் 11-ஆம் தலைமுறைக்குப் பிந்தைய பல லேப்டாப்களில் செட்டப்புக்கு டிஸ்க்கே தெரியாது, தயாரிப்பாளர் தளத்திலிருந்து ஸ்டோரேஜ் டிரைவரைப் பென்டிரைவில் போட்டு வைத்திருங்கள். வைஃபை டிரைவரையும் கூடவே, ஏனென்றால் முதல் அமைப்பின்போது நெட் இல்லாமல் நகர விடாது.

இதுவரை சொன்னது விண்டோஸின் ஆக்டிவேஷன் மட்டும். உண்மையான வித்தியாசம் தெரிவது மற்ற சாஃப்ட்வேர்களில்தான். காசு கொடுத்து வாங்கிய வரைகலை மென்பொருள் ஒன்று என்னிடம் இருந்தது, இரண்டு கம்ப்யூட்டருக்கு மட்டும் அனுமதி. உற்சாகத்தில் லேப்டாப்பை ஃபார்மட் அடித்துவிட்டு அதை மறுபடி நிறுவினால், எண்ணிக்கை முடிந்துவிட்டது என்று கதவைச் சாத்தியது. ஃபார்மட் அடித்த அதே லேப்டாப்தான், ஆனால் அதன் கணக்கில் அது மூன்றாவது கம்ப்யூட்டர். ஃபார்மட்டுக்கு முன் ஹெல்ப் மெனுவில் இருந்த டீஆக்டிவேட் என்ற ஒற்றைச் சொல்லை அழுத்தியிருந்தால் இடம் திரும்பக் கிடைத்திருக்கும். அழுத்தவில்லை. ரசீதைத் தேடி அனுப்பி, பதிலுக்குக் காத்திருந்து, வேலை நான்கு நாள் நின்றது. மேலேயே ஏற்றியிருந்தால் அந்த மென்பொருளுக்கு ஏதோ நடந்தது என்பதே தெரிந்திருக்காது.

சந்தா வகை மென்பொருள்களுக்கு இந்தத் தொல்லை குறைவு, அக்கவுன்ட்டில் பழைய சாதனத்தை வெளியேற்றிவிட்டுப் புதிதாக உள்ளே நுழைந்தால் முடிந்தது. பயப்பட வேண்டியது ஒரே தடவை காசு வாங்கிக்கொண்டு விற்ற பழைய பதிப்புகளுக்குத்தான். அவற்றின் ஆக்டிவேஷன் சர்வரை நிறுவனம் மூடியிருந்தால், சரியான கீ கையில் இருந்தும் மறுபடி ஆக்டிவேட் செய்ய வழியில்லை. அப்படி ஒன்றாவது உங்கள் மெஷினில் இருந்தால் ஃபார்மட் என்ற பேச்சையே எடுக்காதீர்கள்.

மேலே ஏற்றினாலும் முரண்டு பிடிப்பவை உண்டு. டாங்கிளில் ஓடும் மென்பொருள் டாங்கிள் இல்லை என்று சொன்னால், விண்டோஸ் செக்யூரிட்டியில் கோர் ஐசோலேஷன் பக்கத்தைப் பாருங்கள், அங்கே மெமரி இன்டெக்ரிட்டி என்ற பாதுகாப்பு வசதி பழைய டிரைவரைத் தடுத்து வைத்திருக்கலாம். அதை அணைப்பதற்கு முன் டாங்கிள் தயாரிப்பாளரின் புதிய டிரைவரை முயலுங்கள். லைசென்ஸ் சர்வீஸ் ஓடாமல் நின்றிருந்தால் சர்வீசஸ் பட்டியலில் போய்த் தொடங்கிவிட்டாலே போதும். எந்த வழியானாலும், சர்வரோடு பேச முடியவில்லை என்று வந்தால் முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். தேதி பிழையாக இருந்தால் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது, ஆக்டிவேஷனும் நடக்காது. சிரிப்பாக இருக்கும், ஆனால் இதைச் சரிசெய்து பெயர் வாங்கியிருக்கிறேன்.

நடுவில் ரீசெட் என்று ஒரு வழி இருக்கிறதே என்பீர்கள். கோப்புகளை வைத்துக்கொள்ளும், ஆனால் ஆப்களை எல்லாம் தூக்கிவிடும், அதே விண்டோஸைத்தான் திரும்பத் தரும். விண்டோஸின் ஆக்டிவேஷன் போகாது, மற்ற மென்பொருள்களின் ஆக்டிவேஷன் எல்லாம் போகும். இதற்கு நான் ஓட்டுப் போடமாட்டேன்.

நான் செய்வது இதுதான்: பிட்லாக்கர் (டிஸ்க்கைக் குறியாக்கம் செய்து பூட்டிவைக்கும் வசதி) ரெக்கவரி கீயின் 48 இலக்கங்களையும் எழுதி எடுத்துவைத்து, அப்கிரேடு முடியும்வரை பிட்லாக்கரை நிறுத்தி, பேக்கப் எடுத்துக்கொண்டு, ஐஎஸ்ஓ வழியாக மேலேயே ஏற்றுவேன். இரண்டு முறை தோற்று, செட்டப்டயாக் சொன்னதையும் செய்து பார்த்து, மூன்றாம் முறையும் தோற்றால்தான் துடைப்பேன், அதுவும் ஒவ்வொரு மென்பொருளையும் திறந்து டீஆக்டிவேட் அழுத்திய பிறகு. டிஸ்க்கையே புதிதாக மாற்றுகிறீர்கள் என்றால் மட்டும் தோல்விக்குக் காத்திருக்க வேண்டாம், புதிய டிஸ்க்கில் நேரடியாகப் போடுங்கள், பழைய டிஸ்க்கை ஒரு மாதமாவது அழிக்காமல் டிராயரில் வையுங்கள். டீஆக்டிவேட் செய்ய மறந்த மென்பொருள் ஏதாவது நினைவுக்கு வந்தால், அதை மாட்டி ஒருமுறை பூட் செய்து அழுத்திவிட்டு வரலாம்.