விளக்கு சிமிட்டும், கதவு பூட்டாது

புது மாடல் வந்ததும் நான் ஓட்டும் காரின் செகண்ட் ஹேண்ட் விலை மளமளவென்று இறங்கிவிட்டது. அன்றிலிருந்து தெரிந்தவர்கள் ஒவ்வொருவராகக் கேட்கிறார்கள்: "அண்ணே, உங்க காடி எப்படி? செகண்ட் ஹேண்ட்ல ஒன்னு பார்த்து வச்சிருக்கேன், எடுக்கலாமா?" எந்தக் கார் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். அதனால் எஞ்சின் எத்தனை சிசி, பெட்ரோல் எவ்வளவு குடிக்கும் என்றெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அதெல்லாம் விற்பனைத் தாளிலேயே இருக்கிறது. அந்தத் தாளில் இல்லாத ஒன்று, முன் இடது கதவின் பூட்டு. அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், அப்புறம் கோபத்தில் மறந்துபோகும். எஞ்சின் இதுவரை காலை வாரியதில்லை. ஏர்கோனைக் குறை சொல்ல முடியாது. கோலாலம்பூரில் மஸ்ஜித் இந்தியா பக்கம் உச்சி வெயிலில் நிறுத்திவிட்டு வந்து ஏறினாலும் முதல் சிக்னலுக்குள் ஆள் மூச்சு விடலாம். தீபாவளிக்கு தைப்பிங் போகும்போது வீட்டு ஆட்கள் அத்தனை பேரையும், அம்மா கட்டிக் கொடுக்கும் மூட்டை முடிச்சுகளையும் ஏற்றிக்கொண்டு, ஈப்போ தாண்டி மெனோரா சுரங்கப்பாதை ஏற்றத்தில் முனகாமல் ஏறும். சீட் துணி இன்னும் கிழியவில்லை. போதும்.

இனி கதவு. ரிமோட்டை அழுத்தினால் சிக்னல் விளக்குகள் சிமிட்டும், மூன்று கதவுகள் 'டக்' என்று பூட்டிக்கொள்ளும். முன் இடது கதவு மட்டும் சில நாள் பூட்டும், சில நாள் பூட்டாது. மழை பெய்தால்தான் இப்படி என்று நினைத்தால், சுட்டெரிக்கும் வெயிலில் படுத்துக்கொள்ளும். சரி, வெயில்தான் காரணம் என்று முடிவு கட்டினால், சில்லென்று இருக்கும் பேஸ்மண்ட் பார்க்கிங்கில் மக்கர் பண்ணும். வொர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனால் மட்டும், தலைமையாசிரியர் அறையில் நிற்கும் பையனைப் போல, சொன்னதை எல்லாம் கேட்கும்.

இதைக் கண்டுபிடித்தது அம்மா. பத்துமலையிலிருந்து இறங்கி வந்தோம். நான் பத்தடி பின்னால், ரிமோட் இன்னும் சட்டைப் பையில். அம்மா கதவை இழுத்தார், திறந்துகொண்டது. "பூட்டிட்டேன்னு சொன்னியே, இது சும்மா தொறக்குது?" என்றார். அவ்வளவு நேரமும் கார் அப்படியே கிடந்திருக்கிறது, சீட்டில் அவருடைய கைப்பையோடு.

சின்ன விஷயம்தானே, கையால் பூட்டிக்கொள்ளலாமே என்பார்கள். பூட்டலாம். உள்ளே இருக்கும் குமிழைத் தள்ளினால் எப்போதும் பூட்டும், அதில் கோளாறே கிடையாது. ஆனால் கோலாலம்பூரில் கார் ஓட்டுகிறவர்களுக்கு இடது கதவு ஏன் முக்கியம் என்று சொல்லத் தேவையில்லை. நெரிசலில் நிற்கும் காருக்குப் பக்கத்தில் மோட்டார் சைக்கிளில் வந்து, கதவைத் திறந்து, மடியில் இருக்கும் கைப்பையைப் பறித்துக்கொண்டு போகிற கதைகளை எல்லாக் குடும்பத்திலும் யாராவது ஒருவர் வைத்திருப்பார். அதற்காகத்தான் வண்டி நகர்ந்து கொஞ்சம் வேகம் எடுத்ததும் கதவுகள் தாமாகவே பூட்டிக்கொள்ளும்படி செய்திருக்கிறார்கள். என் காரில் அந்த வேலையும் மூன்று கதவுகளில்தான் ஒழுங்காக நடந்தது. நான்காவதில் அம்மா உட்கார்ந்திருப்பார்.

கதவு பூட்டாதது கூடப் பரவாயில்லை. பொருள் என்றால் கெடும், மாற்றிக்கொள்ளலாம். எனக்குப் பற்றிக்கொண்டு வருவது அந்தச் சிமிட்டல்தான். கதவு பூட்டாத நாளிலும் விளக்குகள் அதே மாதிரி, அதே நம்பிக்கையோடு, சிமிட்டும்.

காரணம் இதுதான். ஒவ்வொரு கதவுக்குள்ளும் ஒரு சின்ன மோட்டார் இருக்கிறது. அதற்கு இரண்டே ஒயர்கள். மின்சாரம் ஒரு பக்கமாகப் பாய்ந்தால் பூட்டும். பிளஸ், மைனஸ் இடம் மாறிப் பாய்ந்தால் திறக்கும். பாய்வதும் ஒரு நொடிக்கும் குறைவான நேரம்தான். டிரைவர் கதவில் மட்டும் கூடுதல் ஒயர்கள் உண்டு, பூட்டு எந்த நிலையில் இருக்கிறது என்று கண்ட்ரோல் பெட்டிக்குத் தெரிவிப்பதற்கு. என் காரில் மற்ற மூன்று கதவுகளுக்கு அது கிடையாது. பெட்டி உத்தரவு போடும், விளக்கைச் சிமிட்டும், அத்தோடு தன் கடமை முடிந்தது என்று இருந்துவிடும். கதவு சரியாகச் சாத்தாமல் இருந்தால் டாஷ்போர்டில் விளக்கு எரிந்து காட்டிக்கொடுக்கும். சாத்திய கதவு பூட்டவில்லை என்றால் அதற்குத் தெரிய வழியே இல்லை. ஒரு சின்ன சுவிட்சும் ஒரு ஒயரும் மிச்சம் பிடித்திருக்கிறார்கள். காரின் விலையோடு பார்த்தால் அது என்ன காசு?

சரி, ரிப்பேர் கதைக்கு வருகிறேன். வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற வொர்க்‌ஷாப்பில் போமன், அதாவது மெக்கானிக், முதலில் ரிமோட் பேட்டரியை மாற்றினார். ரிமோட் பலவீனமாகிவிட்டால் நான்கு கதவுகளும் சேர்ந்துதான் கேட்காமல் போகும். ஒரு கதவு மட்டும் எப்படி அடம் பிடிக்கும்? ஃபியூஸ் போனாலும் அப்படித்தான். சொன்னேன், தலையாட்டினார், மாற்றினார். அடுத்த முறை கதவுக்குள் கிரீஸ் அடித்தார். அதற்கடுத்து கதவின் உள்பலகையைக் கழற்றி, மோட்டாருக்கு வரும் ஒயரில் மீட்டரை வைத்தார். 12 வோல்ட் காட்டியது. "கரண்டு வருது பாஸ், மோட்டார்தான் போச்சு" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

ஒரிஜினல் மோட்டார் தனியாகக் கிடைக்காது. கதவின் கொக்கியோடு சேர்ந்த முழு செட்டாகத்தான் வரும். 380 வெள்ளி (ரிங்கிட்), கூலி தனி. உள்ளே இருக்கும் மோட்டாரோ கட்டைவிரல் பருமன்கூட இல்லை. நான் பழைய கார்களைக் கழற்றி உதிரிபாகம் விற்கும் ஹாஃப்-கட் கடையில் பழசு ஒன்றை 90 வெள்ளிக்கு வாங்கிக் கொடுத்தேன். போட்டார்கள். சில வாரம் அருமையாகப் பூட்டியது. அப்புறம் பழைய குருடி கதவைத் திறடி. திரும்பப் போய்க் கேட்டால், "ஒரிஜினல் போட்டிருந்தா இந்தப் பிரச்சனை வராது" என்றார்கள். அன்றோடு அந்த வாசலை மிதிப்பதை விட்டேன்.

கோலாலம்பூரிலேயே ஜாலான் ஈப்போ சாலைப் பக்கம் ஒரு சந்துக்குள் வயசான ஒயர்மேன் ஒருவர் இருக்கிறார் என்று அலுவலக நண்பர் சொன்னார். பெயர்ப்பலகை கிடையாது, சிங்க் கூரை, வாசலில் பழைய பேட்டரிகள் குவிந்திருக்கும். கதையை முழுதாகக் கேட்டார். ஸ்குரூ டிரைவரைத் தொடவில்லை. "தம்பி, ரேடியோவப் போடு. சத்தத்த இடது பக்கம் மட்டும் வர்ற மாதிரி திருப்பு" என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. போட்டேன், மின்னல் எஃப்எம்மில் ஏதோ பழைய பாட்டு. அவர் இடது கதவைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்லத் திறந்தார். பாதி திறந்ததும் பாட்டு கரகரத்தது. இன்னும் கொஞ்சம் திறந்ததும் நின்றே போனது. மூடினால் பாட்டு வந்தது. "இதுக்கு முன்னாடி இந்த ஸ்பீக்கர் விட்டு விட்டுக் கேட்டிருக்கணுமே?" என்றார். கேட்டிருக்கிறது. ஸ்பீக்கரையும் பூட்டையும் யார் முடிச்சுப் போடுவார்கள்?

இரண்டுக்கும் ஒயர் போகிற வழி ஒன்றுதான். முன் கதவைத் திறந்து கீல் பக்கம் பார்த்தால், கதவுக்கும் காரின் தூணுக்கும் நடுவே மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் குழாய் தெரியும். கண்ணாடி ஏற்றி இறக்கும் ஒயர், ஸ்பீக்கர் ஒயர், பூட்டு ஒயர் எல்லாம் அதற்குள்தான் ஓடுகின்றன. கதவை ஒவ்வொரு முறை திறந்து மூடும்போதும் அத்தனையும் மடங்கி நிமிர்கின்றன. வருடக்கணக்கில் மடங்கி மடங்கி, உள்ளே இருக்கும் செப்புக் கம்பி இழை இழையாக அறுந்துவிடும், மேல் தோல் மட்டும் முழுசாக இருக்கும்.

அப்புறம் மோட்டாரின் பிளக்கைக் கழற்றி, ஒரு சிக்னல் பல்பில் இரண்டு ஒயரைப் பற்றவைத்து அதில் செருகினார். சாதாரண 21 வாட் பல்பு. என்னைப் பூட்டச் சொன்னார். டாஷ்போர்டுக்குக் கீழே, பூட்டுக்குக் கரண்டு அனுப்பும் ரிலே 'டிக்' என்றது. பல்பு செத்த மாதிரி லேசாகச் சிவந்து அணைந்தது. வலது கதவில் அதே பல்பு பளிச்சென்று எரிந்தது. அந்த வொர்க்‌ஷாப் மீட்டர் ஏன் 12 வோல்ட் காட்டியது என்று கேட்டேன். மீட்டர் மின்சாரத்தை எடுத்துக்கொள்வதே இல்லை, ஓர் இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் முழு வோல்ட்டைக் காட்டிவிடும் என்றார். மோட்டாருக்கோ சில ஆம்பியர் வேண்டும், அதை ஓர் இழை தாங்காது. பல்பு கிட்டத்தட்ட இரண்டு ஆம்பியர் கேட்கும், அதனால் பொய் சொல்லாது. ஹாஃப்-கட் மோட்டார் சில வாரம் ஓடியதற்கும் விடை கிடைத்தது: கதவைக் கழற்றி மாட்டும்போது ஒயர் அசைந்து, அறுந்த முனைகள் தற்காலிகமாக ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

ரப்பரைத் தூணிலிருந்து நெம்பி எடுத்து, ஒவ்வோர் ஒயராகப் பிடித்து மெதுவாக இழுத்துப் பார்த்தார். நல்ல ஒயர் இழுத்தால் நீளாது. மூன்று ஒயர்கள் ரப்பர் பேண்ட் மாதிரி நீண்டன. தோலைக் கிழித்ததும் பச்சைப் பொடி உதிர்ந்தது, செப்பு பூத்துப்போய்க் கிடந்தது.

புது ஒயரைக் குழாயின் மடிப்புக்குள் ஒட்டுப் போடாமல், ஓர் ஒட்டைக் கதவுக்குள்ளும் இன்னோர் ஒட்டைத் தூணுக்குள்ளும் வைத்தார். ஈயம் பற்றவைத்த இடம் விறைத்துப்போகும், அது மடிப்பில் இருந்தால் அதன் ஓரத்திலேயே மறுபடி அறுக்கும் என்றார். நீளத்தையும் கொஞ்சம் தாராளமாக விட்டார். எல்லாம் சேர்த்து 70 வெள்ளி வாங்கினார். கழற்றிப் போட்டிருந்த பழைய மோட்டாரை பேட்டரியில் நேராகத் தொட்டுக் காட்டினார். 'டக்', 'டக்'. அதற்கு ஒரு நோயும் இல்லை.

அதன் பிறகு கதவு தவறாமல் பூட்டுகிறது. இடது ஸ்பீக்கரும் பாடுகிறது.

நியாயமாகப் பேசினால், கீல் பக்கத்து ஒயர் அறுவது இந்தக் காருக்கு மட்டும் வந்த வியாதி இல்லை. எந்தக் காரிலும் வரும். அதிகம் திறந்து மூடும் முன் கதவுகளில்தான் பெரும்பாலும் வரும். ஆனால் என் காரில் கதவை முழுதாகத் திறந்தால் அந்த ரப்பர் குழாய் விறைப்பாக இழுபட்டு நிற்பதை ஒயர்மேன் விரலால் தட்டிக் காட்டினார். இரண்டு விரல்கடை நீளம் கூட விட்டிருந்தால் ஒயர் இன்னும் பல வருடம் தாங்கியிருக்கும். அங்கேயும் சிக்கனம், சுவிட்சிலும் சிக்கனம், அப்புறம் விளக்கு மட்டும் பகட்டாகச் சிமிட்ட வேண்டும்! 

ஆகவே வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: வாங்காதீர்கள். எஞ்சின் நல்லது, ஏர்கோன் நல்லது என்று மேலே எழுதியது நான்தான், அதை மாற்றிக்கொள்ளவில்லை. இருந்தாலும் வாங்காதீர்கள். "அப்போ உங்க காடிய விக்கிறீங்களா?" என்று ஒரு தம்பி கேட்டான். எதற்கு விற்க வேண்டும்? இப்போதுதானே நான்கு கதவும் பூட்டுகிறது.

விலை ஆசை காட்டுகிறது, வாங்கியே தீருவேன் என்றால், பார்க்கப் போகும்போது இதைச் செய்யுங்கள். நான்கு கண்ணாடிகளையும் இறக்கிவிட்டு, ஒவ்வொரு கதவாகத் திறந்து பிடித்துக்கொண்டு, டிரைவர் கதவு சுவிட்சில் ஒருவரைப் பூட்டித் திறக்கச் சொல்லுங்கள். அப்போது கதவை முன்னும் பின்னும் ஆட்டுங்கள், ரப்பர் குழாயைக் கையால் பிசையுங்கள். ஒரு தடவை குமிழ் அசையாமல் நின்றாலும் உள்ளே ஒயர் அறுந்துகொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். ரேடியோவையும் போட்டுப் பாருங்கள். கோளாறு தெரிந்தால் ஒயர் வேலைக்கான காசை விலையில் குறைக்கச் சொல்லுங்கள், யோக்கியமான ஆள் குறைப்பார். "அது ஒன்னுமில்ல, ரிமோட் பேட்டரிதான்" என்று சொன்னால் சாவியைக் கொடுத்துவிட்டு நடையைக் கட்டுங்கள்.